தில்லித் தண்ணீரும் தஞ்சாவூர்க் காப்பியும்



தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறிய நம்மில் பலருக்கு, வந்த சில நாட்களிலேயே ஓர் உண்மை புலப்பட்டுவிடுகிறது. அரிசி கிடைக்கும், புளி கிடைக்கும். தில்லியில் கரோல் பாகிலோ, மும்பையில் மாதுங்காவிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்திலோ தேடிப் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கூட அகப்பட்டுவிடும். காப்பிப் பொடியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பொடியை, ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த அதே பித்தளைப் பில்டரில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அதே டபராவில் ஆற்றிக் குடித்தால் ஏதோ ஒன்று குறைகிறது. அந்தக் குறை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாங்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்கியது ஆர்வத்தினால் அன்று, வெட்கத்தினால். தந்தையார் காலமான பிறகு, ஆடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருந்த எங்கள் தாயாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். முதல் இரண்டு வாரம் காலையில் கொடுத்த காப்பியை முழுவதும் குடித்தார். பிறகு பாதி டம்ளர் மீதியாயிற்று. ஒரு நாள், "வயசு எழுபதைத் தாண்டியாச்சு. இனிமேல் காப்பி எதுக்குப்பா? ஒரு டம்ளர் வெந்நீர் போதும்" என்று சொல்லிவிட்டார். நாங்களும் அதை நம்பினோம். இந்த வயதில் இவ்வளவு மன உறுதியா என்று அண்டை வீட்டாரிடம் மெச்சிப் பேசவும் செய்தோம்.

அடுத்த கோடையில் கும்பகோணத்தில் எங்கள் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தோம். விடியற்காலையில் தமக்கையார் நீட்டிய காப்பியைத் தாயார் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டம்ளரை மறுபடியும் நீட்டினார். அப்போது எங்களைப் பார்த்துவிட்டார். "இது நல்லா இருக்குப்பா" என்றார், குற்றம் செய்தவர் போல. மருமகளின் மனம் நோகக் கூடாது என்பதற்காக, அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஓராண்டு முழுவதும் வெந்நீரால் அடக்கி வைத்திருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று.

திரும்பி வந்ததும் முதலில் பொடியைப் பார்த்தோம்.

கடையில் எத்தனையோ பெயர்களில் பொடி விற்கிறார்கள். ஆயினும் நம் நாட்டில் விளையும் காப்பி பெரும்பாலும் இரண்டே இனங்கள்: அராபிகா, ரொபஸ்டா. அராபிகா உயர்ந்த மலைச் சரிவுகளை விரும்புவது. மணமும் மென்மையான புளிப்பும் உடையது. ரொபஸ்டா அதனினும் தாழ்ந்த சரிவுகளில் வளர்வது, நோயைத் தாங்குவது, கசப்பும் கனமும் மிகுந்தது. அராபிகாவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு காபீன் சத்து இதில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற பெரியவர் ஏமன் நாட்டு மோக்காவிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து, சிக்கமகளூருக்கு அருகிலுள்ள மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வந்த கதை. அந்த மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று நாட்டின் காப்பியில் பெரும் பகுதி கர்நாடகத்தில் விளைகிறது. நம் சேர்வராயன் மலையும் பழனி மலையும் நீலகிரியும் அளவில் சிறியவையே ஆனாலும் நல்ல அராபிகாவைத் தருபவை.

பொடிக் கடைக்காரர், "பீபரியா, பிளாண்டேஷனா?" என்று கேட்பது வழக்கம். பீபரி என்பது தனி இனம் என்றே நாங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அதற்காகக் கூடுதல் விலையும் கொடுத்து வந்தோம். உண்மையில் அது தனி இனம் அன்று. காப்பிப் பழத்தினுள் வழக்கமாக இரண்டு கொட்டைகள், தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்க்க அமைந்திருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று மட்டும் முதிர்ந்து உருண்டையாகிவிடும், அதுவே பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும் உருளையில் தடையின்றிப் புரண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும். பிளாண்டேஷன் என்பது, பழத்தின் சதையை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு வியாபாரிகள் இட்ட பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தால் அது செர்ரி. மேற்குக் கடற்கரையில் கொட்டையைப் பரப்பி, மழைக்காலக் காற்றில் ஊற வைத்து வெளிறச் செய்யும் மலபார் காப்பி ஒன்றும் உண்டு. பாய்மரக் கப்பலில் மாதக் கணக்காகப் பிரயாணம் செய்த கொட்டை ஈரக் காற்றில் ஊறிப் பெற்ற ருசிக்கு ஐரோப்பியர் பழகிவிட்டார்கள். கப்பல்கள் வேகம் பெற்ற பின்னரும் அந்த ருசியையே கேட்டார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அயல்நாட்டார் விரும்பி வாங்கும் சரக்கு அது. நம் டபராவுக்கு அது அவசியமில்லை.

எங்கள் பொட்டலத்தில் இருந்த குற்றம் இனத்தைச் சேர்ந்ததன்று. அது அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது: காப்பி நூற்றுக்கு 53, சிக்கரி 47. சட்டப்படி இதில் பிழை இல்லை. கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்பதும், விகிதத்தை உறையில் குறிக்க வேண்டும் என்பதுமே விதி. நாள் முழுவதும் விதிகளையும் விளக்கங்களையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் நாங்கள், வீட்டுச் சமையலறையில் இருந்த நான்கு வரியைப் படிக்கவில்லை. ஊரில் தாயார் வாங்கிய கடையிலோ கண் முன்னே அரைத்து, நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி கலந்து கொடுப்பது வழக்கம்.

சிக்கரியை முழுவதும் தூற்ற வேண்டியதில்லை. அது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, பொடியாக்கியது. அதில் காபீன் கிடையாது. காப்பியின் மணமும் கிடையாது. நெப்போலியன் காலத்தில் கடல் வாணிகம் தடைப்பட்டபோது பிரெஞ்சுக்காரர் அதைப் பெரிதும் கைக்கொண்டனர். நிறத்தையும் பிசுபிசுப்பையும் தருவது அது. பாலைச் சேர்த்த பிறகும் டிகாக்ஷன் எழுந்து நிற்பதற்கு உதவுவது. அளவு மீறினால் மட்டும் வேரின் கசப்பு மேலோங்கிக் காப்பியை அமுக்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் சிக்கரி பயிராகும் இடங்கள் குஜராத்தும், உத்தரப் பிரதேசத்தில் எட்டா, அலிகார் முதலிய மாவட்டங்களும் ஆகும். எட்டாவும் அலிகாரும் தில்லியிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் உள்ளவை. நாம் அரும்பாடுபட்டுக் கும்பகோணத்திலிருந்து வரவழைக்கும் பொடியில், நம் பக்கத்து மாவட்டத்து வேர் தெற்கே யாத்திரை போய்த் திரும்பி வந்திருக்கவும் கூடும்!

அரைத்த பொடி வெகு விரைவில் வாசனையை இழப்பது. வறுத்த கொட்டையாக இருந்தால் சில வாரங்கள் தாங்கும். ஆகவே தமக்கையாரிடம் கேட்டு, பொடிக்குப் பதில் வறுத்த கொட்டையாகவே தபாலில் வரவழைத்து, சிக்கரியைத் தனிப் பொட்டலத்தில் பெற்று, மூன்று நாளைக்கு ஒரு முறை அரைத்துக்கொண்டோம். முன்காலத்தில் கை இயந்திரத்தைச் சுவரில் பொருத்தி வைத்திருந்த வீடுகளில் காலையில் எழுந்த முதல் ஓசை அதுவே. எங்கள் வீட்டில் மின்சார இயந்திரம்; ஓசைக்குக் குறைவில்லை.

பொடி திருந்தியது. காப்பி பாதி திருந்தியது. மீதிக்குக் காரணம் தேடும்போது, பொடியிலிருந்து சாரத்தை இறக்கும் முறைகளைப் பற்றிச் சிறிது அறிய நேர்ந்தது.

உலகத்தில் காப்பிக்கு நூறு பெயர்கள் இருந்தாலும், கேள்விகள் மூன்றே: பொடி எவ்வளவு நைசு? நீர் அதனோடு எவ்வளவு நேரம் இருக்கிறது? நீரை உள்ளே தள்ளும் விசை எது? துருக்கியர் மாவு போல் அரைத்த பொடியை நீண்ட பிடி வைத்த சிறு செம்பில் நீரோடு சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டாமலே கோப்பையில் ஊற்றி, மண்டி கீழே படிந்த பிறகு உறிஞ்சுவார்கள். இத்தாலியரின் எஸ்பிரஸோவில் விசைதான் பிரதானம். காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிஷத்துக்குள் இரண்டு மடக்குச் சாரத்தை எடுத்துவிடுகிறார்கள். ஜெர்மானியப் பெண்மணி மெலிட்டா பென்ட்ஸ் 1908-இல் கண்ட முறையில் காகிதத்தின் வழியே நீர் சொட்டுகிறது. எண்ணெய்ப் பசை காகிதத்தில் நின்றுவிடுவதால் தெளிவான, இலேசான காப்பி கிடைக்கிறது. பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு அது உகந்தது. நமக்கு அது வெறும் நிறநீர்.

நம் பில்டரில் விசை எதுவும் இல்லை. நீரின் சொந்த எடையே அதைக் கீழே இறக்குகிறது. அதற்குக் கால் மணி நேரமும் அதற்கு மேலும் ஆகிறது. ஆகையால் சாரம் கெட்டியாக இறங்குகிறது. அதைப் பாலால் தளர்த்திக் குடிக்கிறோம். செறிந்த சாரமும் சூடான பாலும் நுரையும் என்ற வகையில், இத்தாலியரின் கபுசீனோவும் கும்பகோணத்து டபராக் காப்பியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒன்று அவசரக்காரன், மற்றொன்று நிதானஸ்தன்.

மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட எங்களுக்கு 'டிகாக்ஷன்' என்ற சொல்லே ஒரு புதிர். அகராதியைப் புரட்டினால் 'கஷாயம்' என்றிருக்கும். அதாவது சரக்கைப் போட்டுக் கொதிக்க வைத்து இறக்குவது. நம் பில்டரில் பொடி கொதிப்பதே இல்லை. காப்பிக்குக் 'குளம்பி' என்றும் 'கொட்டை வடிநீர்' என்றும் தமிழ்ச் சொற்கள் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாவது சொல் செய்முறையைச் சரியாகச் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு 'ஒரு டம்ளர் கொட்டை வடிநீர்' கேட்கத் துணிந்தவர் எவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

வடநாட்டார் காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மில் சிலர் அதை ஏளனமாகப் பேசுவது உண்டு. தில்லித் திருமணங்களில் மாரிக்காலத்தில் ஒரு பளபளப்பான பொறியை நிறுத்தி, பாலில் உடனடிக் காப்பித் தூளைக் கலந்து, சீறும் நீராவியால் நுரைக்கச் செய்து, மேலே கோகோப் பொடி தூவித் தருவார்கள். இதற்கு இங்கே 'எஸ்பிரஸோ' என்று பெயர். இத்தாலியர் கேட்டால் திகைப்பார்கள். டிசம்பர் இரவில் மைதானத்தில் நின்று குடித்துப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். வீடுகளிலோ, தூளையும் சர்க்கரையையும் சில துளி நீரையும் கோப்பையில் இட்டு, கை வலிக்க வலிக்கக் கரண்டியால் அடிப்பார்கள். கறுத்த கலவை வெளுத்து வெண்ணெய் போல் ஆனதும் சூடான பாலை ஊற்றுவார்கள். இதையே குளிர்ந்த பாலின் மேல் மிதக்க விட்டு, 'டால்கோனா' என்ற கொரியப் பெயரில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகமே கொண்டாடிற்று. எங்கள் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார், "இதை என் மாமியார் முப்பது வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறாரே!" என்று வியந்தார்.

வடக்கே நல்ல காப்பியை அறிமுகப்படுத்திய பெருமை காப்பி ஹவுஸைச் சேரும். மும்பை சர்ச்கேட்டில் 1936-இல் முதல் கடை தோன்றியது. பின்னர் காப்பி போர்டு அவற்றை நடத்தியது. 1950-களில் பல கிளைகளை மூடியது. வேலை இழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் போன்றோரின் ஊக்கத்தால் தாங்களே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, 1957-இல் பெங்களூரிலும் அதே ஆண்டில் தில்லியிலும் கடை திறந்தார்கள். தமிழனும் மலையாளியும் வங்காளியும் பஞ்சாபியும் ஒரே மேஜையில் மணிக்கணக்கில் விவாதம் செய்ய ஒரு கோப்பைக் காப்பியே அங்கே வாடகையாக இருந்தது.

எங்கள் சமையலறைக்கு மீள்வோம். முறையில் குற்றமில்லை என்று தெரிந்த பின், மிஞ்சியவை தண்ணீரும் பாலும். தண்ணீரைப் பற்றி எங்கள் கண்ணைத் திறந்தவர், குடிநீர் சுத்தி செய்யும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த இளைஞர். அவருடைய சட்டைப் பையில் பேனாவைப் போன்ற ஒரு கருவி இருந்தது. அதைக் குழாய் நீரில் தோய்த்துக் காட்டினார். அது எங்கள் குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீர். லிட்டருக்குத் தொள்ளாயிரம் மில்லிகிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருந்தன. சுத்தி செய்த நீரில் முப்பதுகூட இல்லை. கடின நீரில் உள்ள சுண்ணச் சத்துகள் காப்பியின் மெல்லிய புளிப்பை மாற்றிச் சப்பென்று ஆக்கிவிடுகின்றன. உப்பே இல்லாத நீரோ பொடியிலிருந்து சுவையைச் சரியாக வாங்கி வருவதில்லை, காப்பி நீர்த்துப்போகிறது. இத்துறை வல்லுநர்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவை உகந்ததாகக் கொள்கிறார்கள். இயந்திரத்தில் அதற்கென்றே ஒரு திருகு உண்டாம். இளைஞர் அதைத் திருப்பி, அளவை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். 'டிகாக்ஷன் ஏன் இறங்கவில்லை' என்று ஓராண்டாகப் பில்டரின் துளைகளை ஊசியால் குத்திக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விடைபெற்றார்.

பாலில் செய்த தவறு எங்களுடையது. கெட்டியான பாலே நல்ல பால் என்று கருதி, நூற்றுக்கு ஆறு பங்கு கொழுப்புள்ள பாலை வாங்கி, இரவே காய்ச்சி, காலையில் மறுபடியும் சுட வைத்தோம். அது பாயசத்துக்கு ஏற்றது. அதன் கொழுப்பும் இருமுறை காய்ந்த வாடையும் டிகாக்ஷனை மூடிவிட்டன. கும்பகோணத்து 'டிகிரி காப்பி'க்குப் பெயர் வந்த காரணத்தை இரு விதமாகச் சொல்வார்கள். பாலின் அடர்த்தியைக் கருவியால் அளந்து, தண்ணீர் கலவாதது என்று தேர்ந்ததால் டிகிரி என்பது ஒன்று; சிக்கரி என்ற சொல்லே திரிந்தது என்பது மற்றொன்று. எது மெய்யாயினும், அங்கே பேச்சு தண்ணீர் கலவாத புதிய பாலைப் பற்றியதே. பசும்பால் என்று தனியாக விற்கும் பொட்டலத்தை வாங்கி, காலையில் முதன்முறையாகக் காய்ச்சிப் பொங்கும் தறுவாயில் எடுத்துக்கொள்ளலானோம்.

இப்போது எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறோம். நான்கு டம்ளருக்கு 40 கிராம் பொடி. பில்டரின் மேல் பாத்திரம் ஈரமின்றி இருக்க வேண்டும். பொடியை இலேசாகச் சமன் செய்து, குடைத் தட்டை அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் நீர் நின்றுவிடும், விட்டுவிட்டால் ஓடிவிடும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய அரை நிமிஷம் கழித்து, முதலில் பொடி நனையும் அளவே ஊற்ற வேண்டும். பொடி சற்று உப்பி மூச்சு விட்டதும் மீதியை ஊற்றலாம். மொத்தம் 240 மில்லிலிட்டர். பொடி தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைத் தானே வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய 160 மில்லிலிட்டர் டிகாக்ஷன் இறங்கும். சிம்லாவில் இருக்கும் அன்பர்கள் அந்த அரை நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். அந்த உயரத்தில் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. இறங்கிய டிகாக்ஷனை ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது. பாலின் சூடே அதற்குப் போதும். இரண்டாம் முறை நீர் ஊற்றி எடுப்பதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லப் போவதில்லை. விருந்தாளிகள் திடீரென்று வரும் வீடுகளில் அதைத் தடுக்க எந்தச் சாஸ்திரத்தாலும் இயலாது.

இவ்வளவும் செய்து முடித்த பின் ஒரு நாள் காலையில், கேட்காமலே ஒரு டம்ளரைத் தாயார் முன் வைத்தோம். அவர் முதலில் மருமகளைப் பார்த்தார்; பிறகு ஆற்றினார்; குடித்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "இன்னும் டிகாக்ஷன் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பல நாள் கழித்து, ஊர்க் காப்பியைப் போல் வந்துவிட்டதா என்று நாங்களே வாய் விட்டுக் கேட்டபோது, "ஊர்க் காப்பி இல்லை. ஆனா காப்பிதான்" என்றார். இப்போது பில்டரை எங்களிடம் விடுவதில்லை; இரவு படுக்குமுன் தாமே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். பஞ்சாபி அம்மையாருக்கும் காலையில் ஒரு டம்ளர் போகிறது. அதில் சர்க்கரை எத்தனை கரண்டி என்பதை நாங்கள் வெளியிட விரும்பவில்லை.

தில்லிக் குளிரைப் பற்றி ஒன்று கூற மறந்துவிட்டோம். தை மாதத்தில் பில்டரின் உலோகம் பனிக்கட்டி போல் இருக்கும். ஊற்றிய வெந்நீர் அதில் பட்டவுடனே ஆறிவிடும். டிகாக்ஷன் வெளுத்து, மெதுவாகச் சொட்டும். ஆகவே அந்நாட்களில் பில்டரை வெந்நீரில் ஒரு முறை அலசி, துடைத்து, சூடு ஆறுமுன் பொடியைப் போட வேண்டும். தாயார் இதோடு நிற்பதில்லை. பேரன் சிறுவனாக இருந்தபோது அணிந்த சிவப்புக் கம்பளிக் குல்லாயைத் தேடி எடுத்து, மூடி போட்ட பில்டரின் தலையில் காது வரை இழுத்து மாட்டிவிடுகிறார். பதினைந்து நிமிஷத்தில் டிகாக்ஷன் இறங்கிவிடுகிறது.